மனித உரிமை மாநாட்டுக்குப் போகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் 10, மனித உரிமை நாள். அதை ஒட்டிச் சென்னை, மதுரை, பெங்களூரு என்று பல ஊர்களில் மனித உரிமை மாநாடுகள் நடக்கும். நம் பக்கத்திலும் கல்லூரி அரங்கிலோ கல்யாண மண்டபத்திலோ ஒருநாள் கூட்டமாக நடப்பதுண்டு. கல்லூரி ஆசிரியை என்ற முறையில் நம் மாணவ மாணவிகளை இவற்றுக்கு அழைத்துப் போகிறேன். கிளம்புவதற்கு முன்னால் அவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

அங்கே போனால் என்ன நடக்கும்? நாள் முழுக்கப் பேச்சு கேட்க வேண்டுமா?

காலையில் பெயர்ப் பதிவு. அப்புறம் தொடக்க உரை, இது கொஞ்சம் நீளும். அதன் பிறகு அமர்வுகள்: காவல் நிலையச் சாவுகள், சாதிக் கொடுமை, குழந்தைத் திருமணம், கொத்தடிமைத் தொழில், நிலம், காடு, தண்ணீர் என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருப்பார்கள். வழக்கறிஞர்கள், களத்தில் வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் பேசுவார்கள். சில மாநாடுகளில் பாதிக்கப்பட்டவர்களே மேடைக்கு வந்து நடந்ததைச் சொல்வார்கள். மாலையில் தீர்மானம் வாசித்து முடிப்பார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மேடையில் பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்கும் வழக்கறிஞர், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது உங்கள் ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்வார். நம் மாணவர்கள் பலர் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

நான் சட்டம் படிக்கவில்லை, பி.எஸ்சி. கணிதம். எனக்கு அங்கே என்ன வேலை?

தாராளமாக வரலாம். நர்சிங், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களும் வருகிறார்கள். கணக்கு தெரிந்தவர் குழுவில் இருந்தால் நல்லது. ஒரு ஊரில் எத்தனை வீட்டுக்கு எத்தனை குழாய், எத்தனை பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்றார்கள் என்று எண்ணி எடுக்க ஆள் வேண்டும். எண்ணிக்கை இல்லாத புகாரை அலுவலகங்களில் எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

வீட்டில் பயப்படுகிறார்கள். "போலீஸ், கேஸ் என்று ஆகிவிட்டால் கவர்மென்ட் வேலை கிடைக்குமா?" என்று அப்பா கேட்கிறார்.

நியாயமான பயம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்க முடியாது. அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்.

அரங்கத்துக்குள் அமைதியாகக் கூடுவதும் கருத்துச் சொல்வதும் அரசியலமைப்பின் 19வது பிரிவு தரும் உரிமை. அரசு வேலைக்கான காவல்துறை சரிபார்ப்பில், உங்கள் மேல் குற்ற வழக்கு உண்டா என்றுதான் பார்ப்பார்கள். கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்டதற்கு வழக்கு கிடையாது.

ஊர்வலம், மறியல் வேறு கதை. அவற்றுக்குக் காவல்துறை அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் நடந்தால் வழக்கு வரலாம். அதனால் மாநாடு முடிந்து ஊர்வலம் உண்டா, அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று நான் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். அனுமதி இல்லாத ஊர்வலத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவதில்லை. மாநாட்டை நடத்துவது யார், பணம் எங்கிருந்து, எந்தக் கட்சியின் சார்பு உண்டா என்பதையும் விசாரித்துப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். கட்சி சார்பு இருப்பது குற்றமல்ல. ஆனால் தெரிந்து போக வேண்டும்.

அழைப்பிதழை வீட்டில் காட்டுங்கள், பொறுப்பாசிரியரின் எண்ணைக் கொடுங்கள். முடிந்தால் அம்மாவையோ அப்பாவையோ உடன் அழைத்து வாருங்கள். மகளோடு வந்த ஓர் அம்மா, நூறு நாள் வேலையில் கூலி பாக்கி இருப்பதைப் பற்றி எழுந்து கேட்டார். அன்றைய அமர்விலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

போகும் முன் எதைப் படிக்க வேண்டும்?

இரண்டு ஆவணங்கள், ஒரு வழக்கு. அது போதும்.

முதலாவது, ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஏற்றுக்கொண்ட உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம். மொத்தம் 30 உறுப்புரைகள், தமிழிலும் கிடைக்கிறது. ஒருமணி நேரத்தில் படித்து முடிக்கலாம். 16வது உறுப்புரையில், மணம் செய்யும் இருவரின் முழுச் சம்மதத்தோடுதான் திருமணம் நடக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊரில் அதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டாவது, நம் அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி. 14, 15, 17, 19, 21, 23 ஆகிய பிரிவுகளைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சாளர்கள் சொல்வதில் பாதி தானாகப் புரியும்.

வழக்கு, வாச்சாத்தி. இது நம் தருமபுரி மாவட்டத்துக் கதை. ஆனால் அரூர் பக்கத்து மாணவர்களைத் தவிர மற்றவர்களில் பலருக்கு இது முழுதாகத் தெரிவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் வட்டத்தில், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர் வாச்சாத்தி. சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் நுழைந்தார்கள். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அடுத்து நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். மனித உரிமைப் பணி என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் இதைத்தான் காட்டுவேன். உள்ளூரில் புகார் எடுபடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஊருக்குப் போய் மக்களிடம் கேட்டு விவரம் திரட்டின. அந்தக் கட்சியின் தலைவர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்துக்குப் போனார். தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 269 பேர் மீது குற்றப்பத்திரிகை. விசாரணை முடிவதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றமும் உறுதியானது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கைக்கு உத்தரவிட்டார்.

தீர்ப்பு வருவதற்கு 19 ஆண்டு, அது மேல்முறையீட்டில் நிலைப்பதற்கு மேலும் 12 ஆண்டு. இத்தனை காலமும் அந்தப் பெண்கள் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. யாரோ ஒருவர் தேதி போட்டு எழுதி வைத்தார், யாரோ ஒருவர் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார். மேடைப் பேச்சில் இந்த வேலை தெரியாது. மாநாட்டில் நீங்கள் தேடிப் பேச வேண்டிய ஆட்கள் இவர்கள்.

எங்கள் பக்கத்தில் பேசும்படியாக என்ன பிரச்சினை இருக்கிறது?

உங்கள் தாத்தாவின் பல்லைப் பாருங்கள். பழுப்பேறியிருக்கிறதா? நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். தலைமுறை தலைமுறையாகப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டன. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு வந்து, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010இல் அறிவித்திருக்கிறது. உங்கள் தெருவுக்கு அந்தக் காவிரித் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, வராத நாளில் எந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று எழுதி எடுத்துப் போனால், நீங்கள் ஒரு ஆய்வே செய்துவிட்டீர்கள்.

இன்னும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களில் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். பிழைப்புக்குப் பெங்களூருக்கு, செங்கல் சூளைக்கு, கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நிற்பது, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்குச் சாலை இல்லாதது, வன உரிமைச் சட்டம் 2006இன்படி பட்டா கேட்டுக் காத்திருப்பவர்கள், குழந்தைத் திருமணம். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்து, அதைப் பற்றி அங்கே வந்திருக்கும் யாரையும்விட விவரமாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

அங்கே எங்கள் சாதியைத் தப்பாகப் பேசினால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை மாணவர்கள் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். வெளிப்படையாகவே பதில் சொல்கிறேன்.

தருமபுரியிலிருந்து வருகிறோம் என்றால் பல மாநாடுகளில் முதலில் நாய்க்கன்கொட்டாயைத்தான் கேட்பார்கள். 2012 நவம்பர் 7 அன்று, சாதி மாறி நடந்த ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து, நாய்க்கன்கொட்டாய் பக்கத்தில் உள்ள நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகளைக் கொளுத்தினார்கள், பொருட்களைச் சூறையாடினார்கள். நடந்தது நடந்ததுதான். அதைச் சொல்வது உங்களைத் திட்டுவதாகாது. உங்கள் சாதியில் பிறந்த யாரோ செய்ததற்கு நீங்கள் குற்றவாளி இல்லை, அதை மூடி மறைக்கும் கடமையும் உங்களுக்கு இல்லை.

யாராவது ஒரு சாதியில் பிறந்த எல்லோரையும் சேர்த்து இழிவாகப் பேசினால், எழுந்து மறுத்துப் பேசுங்கள். மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் பேசுங்கள். கொடுமைக்கு ஆளான சாதியில் பிறந்த மாணவர்களுக்கு ஒன்று: நீங்கள் சாட்சியாகத்தான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. குடிநீரைப் பற்றிப் பேச வந்திருந்தால் குடிநீரைப் பற்றியே பேசுங்கள். பஸ்ஸில் வரும்போது இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வருகிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டே வருவேன். என் வரையில் மாநாடு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மைக்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது. இங்கிலீஷும் வராது. வீட்டில் பேசுவது தெலுங்கு.

தமிழில் பேசுங்கள். ஓசூர், சூளகிரி, தளி பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ இருக்கும், பள்ளியில் தமிழ். மூன்று மொழி தெரிந்தவர் கூச்சப்பட எதுவுமில்லை. பெங்களூரு மாநாட்டில் கன்னடம் பேசத் தெரிந்த அஞ்செட்டிப் பெண்தான் எங்கள் எல்லோருக்கும் வாய் ஆனாள்.

ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், நடப்பது என்ன, எவ்வளவு காலமாக, யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது, உங்களிடம் என்ன கேட்கிறோம். "மாண்புமிகு", "பெருமதிப்பிற்குரிய" எல்லாம் வேண்டாம். அதிலேயே பாதி நேரம் போய்விடும்.

பாதிக்கப்பட்டவர்களோடு பேசலாமா? படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

பேசலாம், அவர்கள் விரும்பினால். "என்ன நடந்தது?" என்று தொடங்காதீர்கள், அதை அவர்கள் நூறு பேரிடம் சொல்லி ஓய்ந்திருப்பார்கள். "எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் அக்கா, சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். மீதியை அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அழுதால் கூடவே உட்காருங்கள்.

படம், வீடியோ கூடவே கூடாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டம் 2012 இன்னும் கடுமையாக இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் ஊரையும் பள்ளியையும் சொன்னாலும் அடையாளம் தெரிந்துவிடும். பானர் முன்னால் நின்று நண்பர்களோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தடையில்லை.

வருகைப்பதிவு போய்விடாதா?

ஓ.டி. (ஆன் டூட்டி, அதாவது கல்லூரிப் பணிக்காக வெளியே போனதாகக் கணக்கு) கிடைக்கும். அழைப்பிதழோடு ஒரு வாரம் முன்பே துறைத் தலைவரிடம் கடிதம் கொடுங்கள். மாடல் தேர்வு வாரத்தில் கேட்காதீர்கள்.

செலவு, பயணம், தங்குமிடம்?

பெரும்பாலும் பதிவுக் கட்டணம் சிறியதாக இருக்கும், மாணவர்களுக்கு இல்லாமலும் இருக்கும். பயணச் செலவுதான் கை கடிக்கும். தருமபுரிக்காரர்கள் ரயிலில் போகலாம். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லாததால் அங்கிருந்து பஸ்தான். பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான், சென்னை பஸ்ஸில் கிடையாது. ஒவ்வொரு ஆண்டும் யாராவது இதைக் கேட்கிறார்கள்.

செலவுக்குப் பணம் இல்லை என்றால் பொறுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பணம் இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளை விட்டுப்போகக் கூடாது என்பதற்காக நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு தொகை ஒதுக்கி வைக்கிறோம். இரவு தங்க வேண்டியிருந்தால் மாணவிகளுக்குத் தனி இடம், உடன் ஒரு ஆசிரியை. இவை இரண்டும் இல்லாத மாநாட்டுக்கு நான் மாணவிகளை அனுப்புவதில்லை.

சான்றிதழ் தருவார்களா?

தருவார்கள். சான்றிதழுக்காக மட்டும் என்றால் வர வேண்டாம். அந்த இருக்கைக்கு வேறு ஒருவர் காத்திருக்கிறார்.

பள்ளி மாணவர்கள் வரலாமா?

பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, குழந்தை உரிமை அமர்வுகளுக்கு வரலாம். சித்திரவதை, பாலியல் வன்கொடுமை பற்றிய அமர்வுகளில் அவர்களை உட்கார வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

திரும்பி வந்த பிறகு என்ன செய்வது? எல்லாம் கேட்டதோடு சரியா?

ஒரு மனு எழுத வேண்டும். எங்கள் குழுவில் வந்தவர்கள் எல்லோருக்கும் இது நிபந்தனை. ஒரு மாதத்துக்குள், தான் எடுத்த பிரச்சினைக்கு, உரிய அலுவலகத்துக்கு.

மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து வரும் மாணவிகள் எழுதிய முதல் வரைவு இப்படி இருந்தது: "எங்கள் ஊருக்குப் போதிய பேருந்து வசதி இல்லை. ஆவன செய்ய வேண்டும்." திருப்பிக் கொடுத்தேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கல்லூரி விடுவது எத்தனை மணிக்கு? பஸ்ஸை விட்டால் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், வழியில் விளக்கு உண்டா? இதனால் படிப்பை நிறுத்தியவர்கள் உண்டா? அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தார்கள். இரண்டாவது வரைவில் நேரம் இருந்தது, தூரம் இருந்தது, படிப்பை நிறுத்திய பெண்களின் எண்ணிக்கை இருந்தது. இந்த நேரத்துக்கு ஒரு நடை வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு முடிந்தது. பக்கம் ஒன்றுதான்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. மனுவை அங்கே கொடுத்துப் பதிவு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வரவில்லை என்றால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராமசபையிலும் தீர்மானம் போடச் சொல்லலாம். 18 வயது ஆகி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களே கிராமசபை உறுப்பினர்கள்தான்.

அரசு ஊழியரோ காவல்துறையோ செய்த உரிமை மீறல் என்றால் சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993இன்படி அமைந்தது. தமிழில் எழுதினால் போதும், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும், அதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஆணையம் பரிந்துரைதானே செய்யும், அதனால் என்ன பயன் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது.

மாநாட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் 16 வயதுப் பெண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். யாரிடம் சொல்வது?

மாநாடு வரை காத்திருக்காதீர்கள். இப்போதே 1098க்கு அழையுங்கள். குழந்தைகள் உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள். பெண்ணின் வயது, படித்த பள்ளி, கல்யாணத் தேதி, மண்டபமா கோயிலா வீடா, பெற்றோர் பெயர், வீட்டுக்கு வழி ஆகியவற்றைச் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அதிகாரி அவர்தான். கடைசி நேரத்தில் தேதியை முன்னே தள்ளி, இரவோடு இரவாகப் பக்கத்து மாநிலக் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தாலி கட்டுவதும் நடக்கிறது. அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அந்தப் பெண்ணிடம் நேராகப் பேசப்போய் அவள் வீட்டில் அடி வாங்க வைக்காதீர்கள். பள்ளித் தலைமை ஆசிரியரை நம்ப முடியும் என்றால் அவரிடமும் சொல்லுங்கள். கல்யாணம் நின்ற பிறகு அவள் பள்ளிக்குத் திரும்ப வருகிறாளா என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும்.